டர்பன்: ரத்தான சட்டம், ரத்தாகாத வரைபடம்

தென்னாப்பிரிக்காவின் குழுப் பகுதிகள் சட்டம் 1950இல் வந்தது, 1991இல் ரத்தானது. எந்த இனத்தவர் நகரின் எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம், எங்கே வாடகைக்கு இருக்கலாம், எந்தத் தெருவில் கடை வைக்கலாம் என்பதையெல்லாம் 41 ஆண்டுகள் அரசே முடிவு செய்தது. சட்டம் போய் 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் டர்பனில் உம்லாசியும் குவாமாஷுவும் இன்றும் ஆப்பிரிக்கர் ஊர்கள்தான். சாட்ஸ்வொர்த்தும் பீனிக்ஸும் பெரும்பாலும் இந்தியர் ஊர்கள். கடற்காற்று வீசும் பெரியா மேட்டுநிலம் இன்றும் பணம் உள்ளவர்களுக்கே எட்டும். 1950களில் நகராட்சி அலுவலகத்தில் நகர வரைபடத்தின் மேல் இனவாரியாகத் தீட்டிய வண்ணங்களில் முக்கால்வாசி கலையாமல் இருக்கின்றன.

தமிழில் தென்னாப்பிரிக்கா என்றால் காந்தி வருவார், தில்லையாடி வள்ளியம்மை வருவார், 1914இல் காந்தி கப்பல் ஏறியதும் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அங்கேயே தங்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நாம் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்டாலும் 'நம்மவர்கள் துன்பப்பட்டார்கள்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறோம். டர்பனின் கேட்டோ மேனர் என்ற ஒரே ஒரு பள்ளத்தாக்கை எடுத்துப் பார்த்தால் அந்த வரி போதாது என்று தெரியும். அங்கே நம்மவர்கள் துரத்தப்பட்டார்கள். துரத்தப்பட்ட மற்றவர்களைவிட ஒரு படி மேலே குடியமர்த்தவும் பட்டார்கள். இரண்டையும் செய்தது ஒரே சட்டம். அதன் பின்விளைவு முழுவதும் இந்த இரட்டை நிலையிலிருந்துதான் கிளைக்கிறது.

வாழைத்தோட்டம் குடிசைப் பகுதியானது

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இப்படி டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கருமே. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் நகர ஓரத்தில் துண்டு நிலம் பிடித்தார்கள். டர்பனின் முதல் மேயரான ஜார்ஜ் கேட்டோவின் பெயரைத் தாங்கிய கேட்டோ மேனர் அப்படிப் பிடித்த இடங்களில் முக்கியமானது. மேடும் பள்ளமுமான மண்ணில் வாழையும் காய்கறியும் போட்டு, விடியுமுன் தலைச்சுமையாகவும் வண்டியிலும் நகரச் சந்தைக்குக் கொண்டு போனார்கள். தகர வீடு, கிணறு, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோவில், பக்கத்தில் ஒரு கொட்டகைப் பள்ளிக்கூடம் என்று ஊர் வளர்ந்தது. 1932இல் அந்தப் பகுதி நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது.

அதே காலத்தில் டர்பன் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களது உழைப்பு நகரத்துக்குத் தேவைப்பட்டது, அவர்களது குடும்பம் தேவைப்படவில்லை. ஆண்களுக்குத் தொகுப்பு விடுதிகளைக் கட்டிக்கொடுத்ததோடு நகராட்சி பெரும்பாலும் நின்றுகொண்டது. நகரில் நிலம் வாங்க ஆப்பிரிக்கருக்கு வழியே இல்லை. இந்தியர் கையில் இருந்த கேட்டோ மேனர்தான் அவர்களுக்கு எட்டிய முக்கியமான இடம். வாழை பயிரிடுவதைவிட நிலத்தைக் கூறுபோட்டுக் குடிசை போட வாடகைக்கு விடுவது லாபம் என்பதைத் தோட்டக்காரர்களும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஆலைகள் பெருகின, குடிசைகளும் பெருகின. ம்கும்பானே என்ற ஓடையின் பெயரால் ஆப்பிரிக்கர்கள் அந்த இடத்தை அழைத்தார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிலம் வைத்திருக்க ஓர் இனத்துக்குத் தடை. அடுத்த இனத்துக்கு அரைகுறை அனுமதி. எனவே முதல் இனம் இரண்டாவது இனத்துக்கு வாடகை கொடுக்கிறது, அதன் கடையில் மாவும் மண்ணெண்ணெயும் வாங்குகிறது, அதன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறது. வாடகை ஏறினாலும், கடைக்காரர் எடை குறைத்தாலும், பஸ் நடத்துநர் தள்ளிவிட்டாலும் கோபம் போய்ச் சேரும் முகம் இந்திய முகம். சட்டம் எழுதியவர் பெரியா மேட்டில் இருக்கிறார், அவரை யாரும் தினமும் பார்ப்பதில்லை.

நகராட்சியின் கைவண்ணம்

நிறவெறி ஆட்சி 1948இல் தேசியக் கட்சியோடு திடீரென்று முளைத்தது என்று நினைப்பது வழக்கம். டர்பனைப் பொறுத்தவரை அது தவறு. ஆங்கிலம் பேசும், பிரிட்டிஷ் மரபில் பெருமைப்படும் டர்பன் நகர மன்றம் பிரிட்டோரியாவில் இருந்த மைய அரசுக்கு முந்திக்கொண்டது. நகராட்சி நிலத்தை விற்கும்போது குறிப்பிட்ட இனத்தாருக்கு மட்டும் என்று நிபந்தனை சேர்க்க 1922ஆம் ஆண்டு மாகாண ஆணை வழி செய்தது. 1940களின் தொடக்கத்தில் வெள்ளையர் பகுதிகளில் இந்தியர் 'ஊடுருவல்' எவ்வளவு என்று அளக்க இரண்டு ஆணையங்கள் அமைக்கப்பட்டன. நல்ல விலை கொடுத்து முறையாகப் பத்திரம் பதிந்து வீடு வாங்கியவர்களுக்குத்தான் ஊடுருவியவர்கள் என்று பெயர். 1943இல் டர்பனில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே நிலம் கைமாறுவது முடக்கப்பட்டது. 1946இல் வந்த ஆசியர் நில உடைமைச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. அதை எதிர்த்து, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் தலைவர்களான டாக்டர் மான்ட்டி நாயக்கரும் டாக்டர் யூசுப் தாதூவும் நடத்திய அறப்போராட்டத்தில் ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றார்கள்.

ஆப்பிரிக்கரை ஆளும் செலவுக்கு நகராட்சி கண்ட வழி இன்னும் நூதனமானது. 1908ஆம் ஆண்டு நேட்டால் சட்டத்தைப் பயன்படுத்தி, சோளக்கள் காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. கூலித் தொழிலாளி மாலையில் நகராட்சியின் கள்ளுக்கடையில் குடிப்பான், அந்த லாபத்தில் அவனை அடைக்கும் விடுதியும் அவனைக் கண்காணிக்கும் அலுவலகமும் நடக்கும். 'டர்பன் முறை' என்று பெயர் பெற்ற இதைப் பிற நகரங்களும் பின்பற்றின. வீட்டில் கள் காய்ச்சிப் பிழைத்த பெண்கள்தான் இதில் நேரடியாக அடிபட்டவர்கள். 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் தடியோடு கள்ளுக்கடைக்குள் புகுந்து பீப்பாய்களைக் கவிழ்த்ததற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை. தங்கள் வருமானத்தைப் பறித்து, அந்தப் பணத்திலேயே தங்களை வெளியேற்றத் திட்டம் போடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொடர்ந்து சோதனைகளும் மோதல்களும் நடந்தன. 1960 ஜனவரியில் அங்கே ஒன்பது போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆப்பிரிக்கப் போராட்டக்காரர்கள் மீது ஷார்ப்வில்லில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு மாதம் முந்திய சம்பவம் இது.

அதற்கும் பதினோரு ஆண்டுகள் முன்பு, 1949 ஜனவரி 13 அன்று, விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார். பையனுக்குத் தலையில் காயம். மாலைக்குள் நகரம் கலவரமானது, மறுநாள் இரவு கேட்டோ மேனரில் வீடுகள் எரிந்தன. அதிகாரபூர்வக் கணக்கின்படி 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். இந்தியர்கள் பெரும்பாலும் கலவரக்காரர்களால் கொல்லப்பட்டார்கள், ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் போலீஸ், ராணுவத் துப்பாக்கிகளால். வெள்ளையர் சிலர் தெருவில் நின்று கலவரக்காரர்களை உசுப்பிவிட்டதற்கும் சாட்சியங்கள் உண்டு. 'இனங்கள் கலந்து வாழ முடியாது, பிரித்து வைப்பதே இருவருக்கும் நல்லது' என்று பேசியவர்களுக்கு இதைவிட வாய்ப்பான சம்பவம் கிடைத்திருக்காது. தங்களது கொள்கை உண்டாக்கிய வெடிப்பையே அந்தக் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

ஆறும் ரயில் பாதையும்

குழுப் பகுதிகள் சட்டம் வந்ததும் நகர மன்றம் அமைத்த தொழில்நுட்பத் துணைக்குழு 1951இல் டர்பனை இனவாரியாகப் பிரிக்கும் திட்டத்தைத் தயாரித்தது. படித்தால் நிதானமான பொறியியல் அறிக்கை போலவே இருக்கும். வசவு இல்லை, வெறுப்பு இல்லை. ஓர் இனத்தார் வேலைக்குப் போகும்போது இன்னோர் இனத்தாரின் குடியிருப்பைக் கடக்கக் கூடாது. இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஆறு, மலைச்சரிவு, ரயில் பாதை, தொழிற்பேட்டை என்று ஏதாவது ஒரு தடுப்பு வேண்டும். எதிர்கால வளர்ச்சிக்கு ஒவ்வொரு இனத்துக்கும் வெளிப்புறமாக இடம் இருக்க வேண்டும். இந்த விதிகளை வைத்து வரைந்தால் நகர மையமும் கடலோரமும் மேட்டுநிலமும் வெள்ளையருக்கு, விளிம்பு ஆப்பிரிக்கருக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டை இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் என்றுதான் முடியும். அப்படியே முடிந்தது.

1958 ஜூனில் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்கர்களை வடக்கே குவாமாஷுவுக்கும் தெற்கே உம்லாசிக்கும் லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். 1960களின் நடுப்பகுதிக்குள் குடிசைகள் அநேகமாகத் தரைமட்டம். இந்தியருக்கு 1960களில் சாட்ஸ்வொர்த்தும் 1976 முதல் பீனிக்ஸும் தரப்பட்டன. சாட்ஸ்வொர்த் எழுந்த நிலமும் இந்திய வாழைத் தோட்டக்காரர்களிடமிருந்து எடுத்ததுதான். உம்லாசிக்கும் வெள்ளையர் புறநகர்களுக்கும் நடுவே அது கச்சிதமாகப் பொருந்தியது.

நிலத்தைப் பறித்த முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தாழ்வு தலைமுறை தாண்டியது இந்த இடத்தில்தான். அறிவிப்பு வந்ததும் அந்தப் பகுதிச் சொத்துகளுக்கு அரசு ஓர் 'அடிப்படை மதிப்பு' குறிக்கும். வாங்கும் தகுதி ஒரே இனத்துக்கு மட்டும் இருப்பதால் சந்தையில் போட்டி இல்லை, விலை தானாகச் சரியும். தப்பித்தவறி அடிப்படை மதிப்பைவிட அதிகமாக விற்றுவிட்டால் கூடுதலில் ஒரு பங்கை அரசு வாரியமே எடுத்துக்கொள்ளும். விற்க ஆள் கிடைக்காவிட்டால் வாரியம் வாங்கும், அதன் விலைக்கு. தாத்தா கரும்புக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய இரண்டு ஏக்கர், நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருந்த இரண்டு ஏக்கர், இப்படி ஒரு சிறு ரொக்கமாகச் சுருங்கியது. அந்த ரொக்கம் சாட்ஸ்வொர்த்தில் நகராட்சி கட்டிய சிறு வீட்டுக்கு முன்பணமாகப் போனது. கேட்டோ மேனரில் வாடகைக்கு இருந்த ஆப்பிரிக்கருக்கு அந்த ரொக்கமும் கிடையாது. உரிமைப் பத்திரம் இல்லாதவருக்கு எதற்கு ஈடு என்பது அரசின் வாதம். பத்திரம் வாங்க விடாமல் தடுத்ததும் அதே அரசு.

சாட்ஸ்வொர்த்தைப் பல அலகுகளாகப் பிரித்தார்கள். பேவியூ இரண்டாம் அலகு, வெஸ்ட்கிளிஃப் மூன்றாம் அலகு. தெருக்களுக்குப் பெயர்கூட இல்லாமல் எண்தான் இருந்தது: சாலை 501, சாலை 701 என்று. கேட்டோ மேனரில் பெரியப்பா வீடும் சித்தப்பா வீடும் ஒரே வளவில் இருந்தன. இங்கே ஒதுக்கீடு வந்த வரிசையில் ஒருவருக்கு ஓர் அலகில் வீடு, அவருடைய அண்ணனுக்கு வேறோர் அலகில் வீடு. வீட்டின் அளவும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற கணக்குக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களான தமிழர், தெலுங்கர் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பும் இதே காலத்தில் கலைக்கப்பட்டது. வேலைக்கு நடந்து போனவர்கள் பஸ்ஸுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்துவைக்கத் தொடங்கினார்கள்.

இத்தனையும் செய்து கைப்பற்றிய கேட்டோ மேனரில் வெள்ளையர் வந்து குடியேறினார்களா? பெரும்பகுதியில் இல்லை. நகர மையத்தை ஒட்டிய அந்தப் பெருநிலம் இருபது, முப்பது ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. இடிக்காமல் விட்ட சில இந்துக் கோவில்கள் மட்டும் நின்றன. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்குச் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஊரே இல்லாத ஊரில் காவடி எடுத்துவிட்டுத் திரும்பினார்கள் பக்தர்கள்.

ஏணி

நிறவெறியைக் கறுப்பு-வெள்ளை என்று இரண்டு தட்டாகச் சொல்வது வசதி. உண்மையில் அது ஓர் ஏணி. 1970களின் நடுவில் அரசு ஒரு வெள்ளை மாணவருக்கு ஆண்டுக்கு 644 ராண்ட் செலவழித்தது, இந்திய மாணவருக்கு 190 ராண்டை ஒட்டி, கலப்பின மாணவருக்கு 139, ஆப்பிரிக்க மாணவருக்கு 42. 1960களின் தொடக்கத்தில் இந்தியருக்கென்று திறந்த பல்கலைக்கழகக் கல்லூரி துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கட்டடங்களில் இயங்கியது, மாணவர்கள் படகில் போய் வந்தார்கள். அவமானம்தான். ஆனாலும் அது ஒரு கல்லூரி. 1969இல் சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான் மருத்துவமனை திறந்தது. சாட்ஸ்வொர்த் வீட்டைத் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ள வழி இருந்தது. ஆப்பிரிக்கர் நகரில் நிரந்தரமாக வாழ வந்தவர்களே இல்லை என்பது கொள்கை. அதனால் அவர்கள் வீட்டில் குடியிருக்கலாம், மண்ணுக்கு உடைமையாளர் ஆக முடியாது. நீண்டகாலக் குத்தகையே 1970களின் இறுதியில்தான் வந்தது.

'நம்மவர்கள் படிப்பாலும் சிக்கனத்தாலும் முன்னேறினார்கள்' என்று டர்பன் இந்தியரைப் பற்றிச் சொல்லும்போது இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உழைத்தார்கள், மறுக்கவில்லை. கொட்டகைப் பள்ளிகளைத் தாங்களே கட்டினார்கள். சட்டைத் துணி ஆலையில் பெண்கள் நாள் முழுக்கத் தைத்துப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்கினார்கள். ஆனால் அந்த உழைப்பு கால் ஊன்ற ஒரு படி இருந்தது. உம்லாசியில் அதே உழைப்புக்குப் படியில்லை. படியின் உயரம் பெரிதாக ஒன்றுமில்லை, 42க்கும் 190க்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டு தலைமுறைகளில் அது வேறு வேறு வாழ்க்கையாகிவிடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நிறவெறி முடிந்து 17 ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவில் ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் இப்படி இருந்தது: ஆப்பிரிக்கர் 60,613 ராண்ட், கலப்பினத்தார் 1,12,172, இந்தியர் 2,51,541, வெள்ளையர் 3,65,134. பள்ளிச் செலவு வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியரும் கலப்பினத்தாரும் விலகிப்போயிருக்கிறார்கள், ஆனால் வரிசை மாறவில்லை. உலகிலேயே வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடு தென்னாப்பிரிக்கா என்று உலக வங்கியின் 2022 அறிக்கை சொல்கிறது. மொத்த ஏற்றத்தாழ்வில் 41 சதவீதம் இன வேறுபாட்டால் விளைவது என்றும், நாட்டின் செல்வத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மக்களில் 10 சதவீதத்தினர் கையில் இருக்கிறது என்றும் அதே அறிக்கை கணக்கிடுகிறது.

சராசரி என்பது ஏமாற்றுக்காரன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாட்ஸ்வொர்த்தின் நகராட்சி அடுக்குமாடிகளில் இருந்தவர்களை இந்த 2,51,541 காட்டாது. 1990களில் இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் டர்பனின் துணி ஆலைகள் வரிசையாக மூடின, தையல் வேலை போனது, வாடகை பாக்கி ஏறியது. பிரித்து வைத்த நகராட்சிக்குப் பதில் மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி வந்திருந்தது. 1999, 2000ஆம் ஆண்டுகளில் அது பேவியூ அடுக்குமாடிகளுக்கு வெளியேற்றும் ஆட்களையும் தண்ணீர்க் குழாயை அடைக்கும் ஆட்களையும் அனுப்பியது. பேராசிரியர் பாத்திமா மீர் போன்றவர்கள் குடியிருப்பவர்கள் பக்கம் நின்றார்கள். இந்தியக் குடும்பங்களும் அங்கே புதிதாக வந்திருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களும் ஒரே மாடிப்படியில் உட்கார்ந்து வழி மறித்தார்கள். டர்பன் வரலாற்றில் இப்படி நடந்தது குறைவு. அதனாலேயே பதிந்து வைக்க வேண்டியது.

திருப்பிக் கொடுத்தது எவ்வளவு

1994இல் ஆட்சி மாறிய கையோடு நில மீட்புச் சட்டம் வந்தது. 1913 ஜூன் 19க்குப் பின் இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் 1998 இறுதிக்குள் விண்ணப்பிக்கலாம். கேட்டோ மேனருக்கும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனால் அங்கே ஏழைகளுக்கு வீடு கட்டப் பெருந்திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. நிலத்தை அப்படியே திருப்பிக் கொடுப்பது பொதுநலனுக்கு ஏற்றதல்ல என்று உத்தரவிடுமாறு நகராட்சி நீதிமன்றத்துக்குப் போனது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய இந்திய நிலக்காரருக்கு மண்ணைத் திருப்பினால், அதே மண்ணில் வாடகைக் குடிசையில் இருந்து துரத்தப்பட்டவருக்கு மறுபடியும் ஒன்றும் இல்லை. இருவரும் துரத்தப்பட்டவர்கள், இடமோ ஒன்று. பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பாலோர் ரொக்க ஈட்டை ஏற்றுக்கொண்டார்கள். நகர மையத்தை ஒட்டிய நிலத்தின் இன்றைய மதிப்பு அந்த ரொக்கத்தில் இல்லை.

ஆனால் நகரம் முழுவதையும் பார்த்தால் தவறு வேறு இடத்தில் நடந்தது. புதிய அரசு ஏழைகளுக்கு இலவச வீடு கட்டத் தொடங்கியது, நாடு முழுவதும் லட்சக்கணக்கில் கட்டியது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு மானியம் என்று வரையறுத்தபோது, எங்கே நிலம் மலிவோ அங்கேதான் கட்ட முடியும் என்றாகிவிட்டது. மலிவான நிலம் எங்கே இருக்கிறது? 1951 வரைபடம் ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிய விளிம்பில். இப்படி நிறவெறி அரசு வரைந்த கோட்டுக்கு அப்பால் விடுதலை அரசே செங்கல் அடுக்கியது. அங்கே குடியேறியவர் நகரத்தில் கிடைக்கும் காவல் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போய் வர வேன் கட்டணமே பெரும் சுமை. எனவே பலர் அரசு வீட்டை விட்டுவிட்டு நகருக்குள்ளேயே ஆற்றோரத்திலும் குப்பைமேட்டுப் பக்கமும் தகரக் குடிசை போடுகிறார்கள். அவர்களைக் காலி செய்யும் வேலையும் தொடர்ந்தது. 2005இல் கிளேர் எஸ்டேட் பகுதியில் தொடங்கிய குடிசைவாசிகள் இயக்கமான அபஹ்லாலி பசெம்ஜொண்டொலோ, கட்டாய வெளியேற்றத்துக்கு வழி செய்த மாகாணச் சட்டப் பிரிவை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2009இல் வென்றது. 2013இல் கேட்டோ கிரெஸ்டில், அதாவது அதே பழைய கேட்டோ மேனரில், நகராட்சி மறுபடியும் குடிசைகளை இடித்தது. எதிர்த்து நடந்த போராட்டத்தில் 17 வயதுப் பெண் ஒருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்.

2022 ஏப்ரலில் பெய்த மழையில் டர்பன் அடங்கிய குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை எல்லோருக்கும் பெய்தது. அடித்துக்கொண்டு போன வீடுகளில் கணிசமானவை சரிவிலும் ஓடைக்கரையிலும் இருந்தவை. தெற்கு டர்பனில் இதே கதை காற்றில் நடந்தது. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ஒதுக்கிய மெரிபேங்க், வென்ட்வொர்த் குடியிருப்புகளை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மதிலோரத்தில் அமைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் மெரிபேங்க் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்த ஆய்வில் பாதி மாணவர்களுக்கு ஆஸ்துமா அறிகுறிகள் தெரிந்தன.

பீனிக்ஸ், 2021

முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதை ஒட்டி 2021 ஜூலையில் வெடித்த கலவரத்தில் நாடெங்கும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, போலீஸ் பல இடங்களில் காணாமல் போனது. பீனிக்ஸில் இந்தியர்கள் தெருமுனையில் தடுப்பு போட்டுக் காவல் நின்றார்கள். அதுவரை புரிந்துகொள்ள முடிகிற காரியம். பிறகு அந்தத் தடுப்புகளில் ஆப்பிரிக்கர் என்பதற்காகவே வண்டிகளை மறித்தார்கள், அடித்தார்கள், சுட்டார்கள். பீனிக்ஸில் கொல்லப்பட்ட 36 பேரில் 33 பேர் ஆப்பிரிக்கர் என்று போலீஸ் துறை அமைச்சர் அறிவித்தார்.

பீனிக்ஸைச் சுற்றி பம்பாயி, ஸ்வெலிஷா, அமாவோட்டி என்று ஆப்பிரிக்க ஏழைக் குடியிருப்புகள். அங்கே பெரிய கடையோ பெட்ரோல் நிலையமோ எளிதில் கிடைக்காது, எதற்கும் பீனிக்ஸுக்குத்தான் வரவேண்டும். கலவர நாட்களில் ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் வந்தவர்களும் அந்தத் தடுப்புகளில் சிக்கினார்கள். தடுப்பின் மறுபக்கத்திலும் ஒரு நினைவு இருந்தது. 1985 ஆகஸ்டில் பக்கத்து இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் துரத்தப்பட்டன, காந்தி 1904இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பும் அப்போது எரிந்தது. துரத்தப்பட்டவர்களில் பலர் பீனிக்ஸ் நகரியத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு 1949ம் 1985ம் வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகள். இந்தப் பயத்தை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் 33 உயிர்களுக்குக் கணக்குக் காட்டாது. தமிழ்ச் சமூக ஊடகங்களில் அந்த வாரம் 'தென்னாப்பிரிக்காவில் நம்மவர் மீது தாக்குதல்' என்று மட்டும் ஓடிய செய்திகள் இந்த எண்ணைத் தொடவே இல்லை.

தடுப்பு போட இடம் அமைந்ததே வரைபடத்தால்தான். இந்தியர் பகுதிக்கு உள்ளே வர இத்தனை சாலைகள், அவ்வளவுதான் என்று நகரத்தை வடிவமைத்திருந்ததால் நாலு பேர் டயரைக் கொளுத்திப் போட்டு ஊரையே மூட முடிந்தது.

பீனிக்ஸிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப். ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும், ஒப்பந்தக் கூலிகளின் லயன் வீடுகளும், அவர்கள் கட்டிய பெருமாள் கோவிலும் இருந்த இடம். 1990களில் அந்தக் கரும்புக் காட்டின் ஒரு பகுதி மின்வேலியும் கோல்ஃப் மைதானமும் உள்ள தனியார் வளாகமானது. இங்கே இனம் பார்ப்பதில்லை, பணம் இருந்தால் யாரும் வாங்கலாம். இந்தியர்கள் நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள், ஆப்பிரிக்கர் சிலரும். ஆனால் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வளாகத்துச் சாலையில் இஷ்டம்போல் நடக்கக் கூடாது, வளாகத்தின் வண்டியில்தான் போய்வர வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. அங்கே வீடு வைத்திருந்த ஒருவர் வேக அபராதத்தை எதிர்த்து வழக்குப் போட்டபோது இந்த விதியும் சேர்ந்து நீதிமன்றத்துக்கு வந்தது. 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் பணியாளர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதி செல்லாது என்றது. 2019இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வேக வரம்பைப் பொறுத்தமட்டில் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: அவை பொதுச் சாலைகள் அல்ல, வீடு வாங்கியவர்கள் ஒப்பந்தப்படி விதிகளை ஏற்றுக்கொண்டவர்கள். வேலைக்கு வருகிறவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.